தகரம் நடந்த தெரு

மூணுமடைப் பேரூராட்சிக்காரர்கள் பஞ்சுக்கிடங்குத் தெரு முனையில் தகரம் அடித்த அந்தப் புதன்கிழமைக் காலையில், ஆவுடைத்தங்கம் தன் மாவு மில்லுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகளுக்கு வாங்கி வைத்திருந்த கண்ணாடி வளையல்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள், பச்சை ஒரு வரிசை, சிவப்பு ஒரு வரிசை, வேப்பிலைக் காப்பு தனியாக. வெள்ளிக்கிழமை வளைகாப்பு, கொரோனா காலம் என்பதால் நாலே பேர், வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு, தள்ளித் தள்ளி உட்கார்ந்து நடத்துவது என்று பேச்சு, அது முடிந்த கையோடு மகள் உலகேஸ்வரியைத் தலைப்பிரசவத்துக்குத் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த ஊரில் முதல் பிள்ளைக்கு வலி தாய் வீட்டில்தான் வர வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும் அங்கேயிருந்துதான் புறப்பட வேண்டும், இதற்கு மாறாக ஒருத்தி பெற்றாள் என்று கேள்விப்பட்டவர் யாரும் இல்லை. மகள் வீடு ஒன்றும் சீமையில் இல்லை. பஞ்சுக்கிடங்குத் தெரு நேரே போய்க் கடைத்தெரு ஆகும், கடைத்தெரு நேரே போய்ப் பேரூராட்சி அலுவலகத்தில் முட்டி நிற்கும், அலுவலகத்துக்கு எதிர்த்த வீடுதான் மகள் வாழ்க்கைப்பட்ட வீடு. ஆவுடை நடந்தால் நானூறு அடி. கோபமாக நடந்தால் முந்நூற்றைம்பது.

டொக்கு டொக்கென்று சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தால், சவுக்குக் கட்டை ஊன்றி எட்டுத் தகரத்தை வரிசையாக அடித்துத் தெருவாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். செயல் அலுவலர் திருமேனிநாதன் கையில் ஒரு தாளோடு அவள் வீட்டு எதிரிலேயே நிற்கிறார். அவர் சொன்னபடி ஆள் ஒருவன் அவள் மில் கதவில் ஒன்றும் தகரத்தில் ஒன்றுமாகச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுகிறான். விஷயம் இதுதான்: சங்கிலிபூதத்தான் என்பவனுக்குத் தொற்று உறுதியாகியிருக்கிறது, அவன் விலாசம் பஞ்சுக்கிடங்குத் தெரு, பதினாலாம் நம்பர்.

"சார், பூதத்தான் இந்த ஊர விட்டுப் போயி பதினோரு வருசமாச்சு," என்றாள் ஆவுடை. "அவன் வீட்டத்தான் நான் வாங்கி மில்லு போட்டிருக்கேன். அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனில வேல பாக்கான். அங்கதான் அவனுக்குக் காய்ச்சல், அங்கதான் ஆஸ்பத்திரில படுத்திருக்கான். ஆதார்ல வெலாசம் மாத்தல, அவ்ளோதான்."

"லிஸ்ட்ல பேர் இருக்கும்மா."

"பேர் இருக்கு, ஆள் இல்லையே சார்."

"ஆள் எங்க இருந்தா என்ன? விலாசம் இங்கதானே இருக்கு."

அவள் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனையும் எடுத்தார்கள். இல்லை என்று முடிவு வந்தது. அதைக் காட்டித் தகரத்தை எடுக்கச் சொன்னபோது திருமேனிநாதன், "நெகட்டிவ் வந்தது உங்களுக்கு. பாசிட்டிவ் ஆனவருக்கு இன்னும் வரலையே" என்று சொல்லிவிட்டார். ஊரிலேயே பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒரே நர்ஸ் ஜெபக்கனி, அவளும் அந்தத் தெருவில்தான் குடியிருந்தாள். தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று, "சார், ஆரம்ப சுகாதார நிலையத்துல நான் ஒருத்திதான். என்னையும் சேத்தா அடைக்கீங்க?" என்று கேட்டாள். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். தெருவுக்கு இருந்த ஒரே குடிதண்ணீர்க் குழாய் முனையில், தகரத்துக்கு வெளியே பத்தடி தள்ளி மாட்டிக்கொண்டது. அதற்கும் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். உதவிக்கு என்று ஒரு போன் நம்பரைத் தகரத்தில் பெரிய எழுத்தில் ஒட்டினார்கள். அந்த நம்பருக்குப் போட்டால் மணி அடிக்கும், அழகாக அடிக்கும், அடித்துக்கொண்டே இருக்கும். பிளீச்சிங் பவுடரைக் கோலப்பொடி மாதிரி ரெண்டு ஓரமும் தூவி, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது, வளைகாப்பு வரவில்லை. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கிண்டி யாருக்கு வைப்பது? சாயங்காலம் ஆவுடை வளையல் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தகரத்தின் முன்னால் வந்து நின்றாள், அழ வந்தவள்தான், ஆனால் அழுவதற்குள் மிக்கேலின் ஆட்டோ வந்துவிட்டது. மிக்கேல் பேரூராட்சிக்கு மைக்செட் ஆட்டோ ஓட்டுகிறவன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, திருமேனிநாதன் தன் சொந்தக் குரலில் பதிந்து கொடுத்த அறிவிப்பைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்ற வேண்டும். 'பொதுமக்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு, யாரும் வெளியே வர வேண்டாம், மீண்டும் அறிவிக்கிறோம், யாரும் வெளியே வர வேண்டாம், தயவுசெய்து யாரும் வெளியே வர வேண்டாம்' என்று ஆட்டோ சொன்னது. முதல் 'வர வேண்டாம்' சொன்னபோது, எட்டுத் தகரமும், சேற்றைத் தாண்டுகிற பெண்கள் சேலையைத் தூக்கிக்கொள்வது போலச் சவுக்குக் கட்டைகளை மண்ணிலிருந்து லேசாகத் தூக்கி, வெளியே ஓர் அடி எடுத்து வைத்து, மறுபடி ஊன்றிக்கொண்டன. ரெண்டாவதுக்கு இன்னோர் அடி. மூன்றாவதுக்கு இன்னோர் அடி. ஆட்டோ போய்விட்டது. தகரம் நின்றுவிட்டது.

ஆவுடை அழ வந்ததை மறந்துபோனாள்.

"ஜெபக்கனி, இங்க வந்து பாரேன். தகரம் ஓர் அடி வச்சிருக்கு."

நர்ஸ் ஜெபக்கனி வந்து, குனிந்து, பழைய குழிகளைப் பார்த்தாள். "மூணு தடவ சொன்னாம்லா, மூணு அடி வச்சிருக்கு. நல்லா எண்ணிப் பாரு," என்றாள். பிறகு நிமிர்ந்து குழாயைப் பார்த்தாள். "இன்னும் ஏழு அடிதான்."

தெருக்காரர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களுக்குக் கேட்க வேண்டிய வேறு கேள்விகள் இருந்தன: நாளைக்குக் காலையில் மிக்கேல் எத்தனை மணிக்கு வருவான், ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவுக்கு லீவா, குழாய் உள்ளே வந்தால் முதல் குடம் யாருக்கு. மறுநாள் காலையில் மூன்று அடி, மாலையில் மூன்று அடி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவிப்பு முதல் தடவை சொல்லி முடிக்கவும் தகரம் குழாயைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் நிற்கவும் சரியாக இருந்தது. ஐயோ, அன்றைக்குத் தெரு பட்ட சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஜெபக்கனி மட்டும் குழாயடியில் சோப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, "குடம் அப்புறம், கை மொதல்ல" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு காவலுக்கு நின்றாள்.

திங்கட்கிழமை திருமேனிநாதன் டேப்போடு வந்தார். அளந்தார். மறுபடி அளந்தார்.

"யார் இதை நகர்த்தினது?"

"யாரும் நகத்தல சார். அது நடக்கு," என்றாள் ஆவுடை.

"தகரம் நடக்குமா?"

"அத எங்ககிட்ட கேட்டா? தகரம் ஒங்களுது சார்."

"தகரத்தைத் தாண்டி யாரும் வரக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கு, தெரியும்ல?"

"நாங்க எங்க சார் தாண்டுனோம்? தகரந்தான் தானாத் தாண்டிப் போயிக்கிட்டிருக்கு. நாங்க எப்பயும் உள்ளதான் இருக்கோம்."

அவர் துப்புரவுப் பணியாளர்களைக் கூப்பிட்டுத் தகரத்தைப் பழைய இடத்துக்குத் தள்ளச் சொன்னார். முப்பிடாதி என்கிற பெண்தான் அவர்களுக்கு மூத்தவள். அவள் தன் இரண்டு வெறுங்கைகளையும் விரித்துக் காட்டி, "ஒரு மாசமா கையொறை கேக்கோம், வாய்க்குத் துணி கேக்கோம். நோயாளி வீட்டுக் குப்பைய இந்தக் கையாலதான் அள்ளுதோம். அதக் குடுங்க சார், பெறவு தள்ளுதோம்" என்றாள். மேலிடத்தில் கேட்டிருப்பதாக அவர் சொன்னார். அப்படியானால் மேலிடம் சொல்கிற வரைக்கும் நிழலில் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஏழு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலம் மிக்கேல் வந்தான், அறிவிப்பைப் போட்டான், தகரம் மூன்றடி நடந்தது, வேப்பமரமும் உள்ளே வந்தது, நிழலில் இருந்தவர்களும் உள்ளே வந்தார்கள். ஆவுடை அவர்களுக்கு இட்லி அவித்துக் கொடுத்தாள்.

முதலில் கடைத்தெருக்காரர்கள் பயந்தார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. அடைபட்ட தெரு தங்களை நோக்கி வருகிறதே என்று முதல் வீட்டுக்காரர் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டார். ஒரு நாள் தகரம் அவர் வாசலைத் தாண்டிவிட்டது, அவர் கதவைத் திறந்து பார்த்தபோது வாசலில் ஒரு குடம் தண்ணீரும், தூக்குச்சட்டியில் மாவும், நாலு முகக்கவசமும் இருந்தன, ஆறடி தள்ளி நின்று ஜெபக்கனி, "காய்ச்சல் இருக்காண்ணே? சுகர் மாத்திர இருக்கா?" என்று கேட்டாள். இத்தனை நாளில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பிறகு செய்தி பரவிவிட்டது: தகரத்துக்கு உள்ளே போனால் நர்ஸ் தினமும் வாசலுக்கு வருவாள், தண்ணீர் முறை வைத்து வரும், தனியாக இருக்கிற கிழவர்களுக்குச் சோறு போகும், தையல்காரர் ஜாக்கெட் துணியில் மடிப்பு வைத்து வீட்டுக்கு ஒரு நிறத்தில் முகக்கவசம் தைத்துக் கொடுப்பார். அப்புறம் தகரத்தை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நாளைக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறது என்று வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். ஆரத்தித் தட்டோடு நின்று, தகரம் தாண்டியதும் சுற்றிக் கொட்டினார்கள். ரோடு அகலமான இடத்தில் எட்டுத் தகரம் பத்தானது, குறுக்குச் சந்து வந்தால் அதற்கும் ஒரு துண்டு முளைத்தது, சந்து வாசிகள் எங்களையும் சேர்த்துக்கொள் என்று அதை அந்தப் பக்கமாகத் திருப்பி விட்டார்கள், அதுவும் மறுக்கவில்லை. டீக்கடை உள்ளே வந்த அன்றைக்குத் தெருவே திருவிழா மாதிரி இருந்தது. டீக்கடைக்காரர் வட்டம் வரைந்து வட்டத்துக்கு ஒரு ஆளாக நிறுத்தி எல்லோருக்கும் இஞ்சி டீ போட்டார்.

திருப்பூரிலிருந்து சங்கிலிபூதத்தான் போன் செய்தான். ஆவுடை போனை மாவு மில் திண்டில் வைத்துச் சத்தமாக்கிவிட்டாள்.

"யக்கா, எனக்கு வந்ததுக்கு ஒங்க தெருவையா அடச்சாவ? எனக்கு வெக்கமா இருக்குக்கா."

"நீ என்னல செய்வ. ஒடம்பு எப்படி இருக்கு? சாப்பிடுதியா?"

"இன்னிக்கித்தாங்க்கா நாக்குல ருசி தெரிஞ்சுது."

தெருவே கைதட்டியது. பதினோரு வருஷமாக அவனை நினைத்துப் பார்க்காதவர்கள் எல்லாம் வரிசையாக வந்து, ஏல பூதத்தான், கசாயம் குடி, குப்புறப் படு, பனியனுக்கு மேல கம்பளி போடு என்று போனுக்குள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எல்லோருக்கும் சந்தோஷம், ஆவுடைக்கு மட்டும் மகள் நினைப்பு. அவள் தினமும் காலையில் தகரத்தருகே நின்று மகள் வீட்டைப் பார்த்து மனசுக்குள் அடியை எண்ணுவாள். ஒரு நாளைக்கு ஆறடி. இப்படிப் போனால் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, அதுவாக வந்து தகரத்தைத் தட்டினால்தான் உண்டு. தகரத்துக்கு மஞ்சள் தடவினாள், குங்குமம் வைத்தாள், "என் ராசா, கொஞ்சம் எட்டிப் போடேன்" என்று கெஞ்சிப் பார்த்தாள். அது அசையவில்லை.

வேகம் கொடுத்தவர் திருமேனிநாதன்தான். தடுப்பு நகர்கிறது என்று அவருக்குப் புகார் போகப் போக, ஜனங்கள் கட்டுப்பாட்டை மீறுகிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார். மீறுகிறவர்களுக்கு அவரிடம் இருந்த ஒரே மருந்து அறிவிப்புத்தான். ரெண்டு வேளை ஆட்டோ ஆறு வேளை ஆனது. தகரம் ஒரு நாளைக்குப் பதினெட்டு அடி நடந்தது. புகார் மேலும் போயிற்று. மிக்கேலுக்கு எல்லாம் தெரியும். அவன் வாயே திறக்கவில்லை, ஆவுடையைக் கடந்து போகும்போது மட்டும் ஹாரனை ஒரு தடவை செல்லமாக அழுத்துவான்.

இருபத்தொன்பதாவது நாள் காலை பதினொரு மணிக்கு உலகேஸ்வரி போன் செய்தாள். சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

"யம்மா... வலிக்கிம்மா. தண்ணி ஒடஞ்சிட்டு."

மருமகன் நயினார் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். வண்டி மாவட்டத் தலைநகருக்கு மூச்சுத் திணறிய ஒருவரைக் கொண்டுபோயிருக்கிறது, திரும்பி வர ரெண்டு மணி நேரம். ஜெபக்கனி அதற்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரெண்டு பேரும் ஓடி வந்து தகரத்தின் முன்னால் நின்றார்கள். அந்தப் பக்கம் லத்தியோடு ரெண்டு கான்ஸ்டபிள். அவர்களுக்கு அப்பால் நாற்பத்தாறு அடியில் மகள் வீட்டு வாசல்.

"தாண்டிருவோமா?" என்றாள் ஆவுடை.

"இத்தன நாளும் ஒருத்தர் தாண்டல. அதனாலதான் நம்மள அவங்களால ஒண்ணும் செய்ய முடியல. இப்பத் தாண்டுனா வீட்டுக்குப் போக விடமாட்டான், ஸ்டேசனுக்குத்தான் கூட்டிட்டுப் போவான்," என்றாள் ஜெபக்கனி. "மிக்கேலக் கூப்புடு."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மிக்கேல் சங்கதி கேள்விப்பட்டு ஆட்டோவை விரட்டிக்கொண்டு வந்து, தகரத்தின் எதிரே நிறுத்தி, அறிவிப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டான். யாரும் வெளியே வர வேண்டாம், ஓர் அடி, யாரும் வெளியே வர வேண்டாம், ஓர் அடி, தயவுசெய்து யாரும் வெளியே வர வேண்டாம், ஓர் அடி. பின்னாலேயே தெரு முழுவதும் நடந்து வந்தது. கான்ஸ்டபிள்கள் பின்னால் போய்ப் போய், பிறகு போக மனமில்லாமல் நின்ற இடத்திலேயே நின்றார்கள், தகரம் ஒரு கட்டையைத் தூக்கி அவர்களுக்கு வழிவிட்டுத் தாண்டியது. உள்ளே வந்ததும் ரெண்டு பேரும் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை கழுவப் போனார்கள். எட்டாவது சுற்று முடிந்தபோது ஆட்டோவின் ஸ்பீக்கர் கர்ரென்று இழுத்தது, புகைந்தது, ஊமையானது. இன்னும் இருபத்திரண்டு அடி.

மிக்கேல் இறங்கி நின்று தன் தொண்டை கிழியக் கத்தினான், "யாரும் வெளியே வர வேண்டாம்!" தகரம் அசையவில்லை. டீக்கடைக்காரர் கத்தினார், முப்பிடாதி கத்தினாள். ஊஹூம். மகள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு அலறல் வந்தது. ஆவுடை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். இத்தனை நாளும் ஆட்டோவில் பேசிய குரல் யாருடையது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"திருமேனிநாதன் சார்ர்!" என்று கூப்பிட்டாள். "நான் வெளியே வரப் போறேன்! தாண்டப் போறேன்!"

அலுவலகக் கதவு திறந்தது. அவர் கையில் மைக்கோடு படியில் வந்து நின்றார்.

"ஏம்மா! யாரும் வெளியே வராதீங்க!"

தகரம் ஓர் அடி வைத்தது.

"கேக்கல சார்!"

"யாரும் வெளியே வராதீங்க!"

"கேக்கலையே சார், காத்து அந்தப் பக்கமா அடிக்கி!" என்றாள் ஆவுடை. தெருவுக்குப் புரிந்துவிட்டது. இருநூறு பேர் முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒரே குரலில், "கேக்கல!" என்றார்கள்.

அவர் உத்தியோகத்துக்கு வந்த இத்தனை வருஷத்தில், ஜனங்கள் அவரை இன்னும் சத்தமாகப் பேசச் சொன்னது அன்றைக்குத்தான் முதல்முறை. மனுஷனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு, வராதீங்க, வராதீங்க, யாரும் வெளியே வராதீங்க என்று முழங்க ஆரம்பித்தார், ஒவ்வொரு முழக்கத்துக்கும் தகரம் ஓர் அடி வைக்க, ஒவ்வோர் அடிக்கும் தெரு கேக்கல கேக்கல என்று கூவ, சிறுசுகள் எண்ண, ஆவுடை வளையல் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தகரத்தை ஒட்டியே நடக்க, இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. மகள் வீட்டு வாசற்படி உள்ளே வந்தது. ஜெபக்கனி முதலில் ஓடினாள்.

கட்டிலில் முதுகை வளைத்துக்கொண்டு கிடந்த உலகேஸ்வரி தலையைத் திருப்பினாள். "யம்மா, நம்ம வீட்டுக்கு வர முடியாமப் போச்சேம்மா."

"ஏட்டி, அழாத," என்றாள் ஆவுடை. கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து மகள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். "வாசல்ல போயிப் பாரு, நம்ம தெரு ஒன் வீட்டத் தாண்டி நிக்கி. நீ எங்கயும் வர வேண்டாம். ஒன் அம்மா வீடு ஒன்னத் தேடி வந்துட்டு."

ஒரு மணிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அது அழுத அழுகை கடைத்தெரு வரைக்கும் கேட்டது, அதைக் கேட்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒன்றேகாலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு, ரெண்டும் சுகம், நம்மள விட நல்லாப் பாத்திருக்காங்க என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

இந்தக் களேபரத்தில் திருமேனிநாதனை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவரோ கண்ணைத் திறக்காமல் முழங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். தொண்டை வறண்டு அவர் கண்ணைத் திறந்து பார்த்தபோது, தகரம் அலுவலகப் படிக்கட்டு வரை வந்து, ரெண்டு பக்கமும் வளைந்து, பின்பக்கம் போய்ச் சேர்ந்து, அலுவலகத்தை மட்டும் தனியாகச் சுற்றி அடைத்திருந்தது. மூணுமடை முழுக்க ஒரு பக்கம், அவர் மட்டும் ஒரு பக்கம். சிவப்பு ஸ்டிக்கர் அவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கீழே உதவி நம்பர்.

அவர் அந்த நம்பருக்குப் போட்டார். மணி அடித்தது. அவர் மேஜை இழுப்பறைக்குள்தான் அடித்தது, பூட்டிய இழுப்பறை, அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே தகரத்தை ஒட்டி நின்ற ஆவுடைக்கு அது கேட்டது. "ஆக, மணி அடிக்கிற எடம் இதுதானா," என்று சொல்லிக்கொண்டாள். தகர இடுக்கில் வாயை வைத்து, "சார், சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

உள்ளேயிருந்து, "இல்லம்மா" என்று வந்தது.

வேளைக்கு வேளை இட்லி போயிற்று, தண்ணீர் போயிற்று, கசாயம் போயிற்று. காய்ச்சல் இருக்கா, மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று ஜெபக்கனி ரெண்டு வேளை கேட்டு எழுதிக்கொண்டாள். சீக்கிரம் வெளியே விடச் சொல்லி அவர் மேலிடத்துக்குப் போன் போட்டார். அவர்களும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். ரெண்டாம் நாள் முப்பிடாதி இடுக்கு வழியாகத் தூக்குச்சட்டியை நீட்டியபோது, பிளீச்சிங் பவுடரில் வெந்து வெடித்துப்போயிருந்த அவள் கையை அவர் முதல்தடவையாக அவ்வளவு பக்கத்தில் பார்த்தார். சட்டியை வாங்காமல் உள்ளே போனார். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. இத்தனை நாளும் உத்தரவுக்குக் காத்துக் கிடந்த கையுறைப் பெட்டிகளையும் முகக்கவசப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக இடுக்கு வழியே வெளியே தள்ளினார், யாரிடமும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வளைகாப்பு. வளைகாப்பு முதலில் நடக்கும், பிள்ளை பிறகு பிறக்கும், எல்லா ஊரிலும் அப்படித்தான். மூணுமடையில் பிள்ளை மடியில் படுத்துக் கண்ணை உருட்டிப் பார்க்க, அதன் தாய்க்கு வளைகாப்பு நடந்தது. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, ஆட்கள் வாசலில் தள்ளித் தள்ளி நின்றார்கள், ஒவ்வொருத்தியாக வந்து கையைக் கழுவிவிட்டு ஒரு வளையல் போட்டுவிட்டுப் போனாள். ஏழு வகைச் சோறும் ஊர் முழுக்கப் பந்தி இல்லாமல் வீடு வீடாகப் போயிற்று. பூதத்தான் திருப்பூரிலிருந்து வீடியோவில் வந்து, என் பேரை வைங்க என்று அடம்பிடித்தான், பெண் பிள்ளைக்குப் பூதத்தான் என்றா வைப்பார்கள் என்று எல்லோரும் சிரித்த சிரிப்பில் வளையல் சத்தமே கேட்கவில்லை.

சிரிப்பு அடங்கினபோது தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. மைக் இல்லாத குரல் என்பதால் முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"ஆவுடையம்மா... நீங்க எல்லாரும் சரின்னு சொன்னா... நான் வெளியே வரட்டுமா?"

அந்த அலுவலகத்திலிருந்து ஒருவர் ஊரைப் பார்த்து ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான். சவுக்குக் கட்டைகள் மெல்லச் சாய்ந்தன. தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய் விரித்த மாதிரி தரையில் படுத்துக்கொண்டன, அப்புறம் அவை எழுந்திருக்கவே இல்லை. திருமேனிநாதன் மூன்று நாள் தாடியோடு, கசங்கிய சட்டையோடு, படியில் நின்றுகொண்டிருந்தார். இறங்குவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆவுடை பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க சார், அதுக்கென்ன," என்றாள். "குழாயடில சோப்புத் தொங்குது. கையக் கழுவிட்டு வாங்க, பிள்ளையப் பாக்கணும்லா."